உப்பு போக மீதி

அமலோற்பவம் இறந்த செய்தி எனக்குக் கறிக்கடையிலிருந்து வந்தது. கோட்டக்குப்பத்தில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கும் இஸ்மாயில் பாய் காலையில் போன் செய்து, "சார், நம்ம டீச்சரம்மா மவுத்தாயிட்டாங்கன்னு மரக்காணம் வண்டியில வந்த ஆளு ஒருத்தரு சொல்றாரு. நான் நம்பல. நீங்க சொன்னாதான் நம்புவேன்" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். "கேட்டுச் சொல்லுங்க சார். கையில கத்தி நிக்கல" என்று வைத்துவிட்டார். அமலோற்பவத்தின் தம்பியை அழைத்தேன். செய்தி உண்மைதான். முந்தின நாள் மாலை செபமாலை முடித்து வந்து உட்கார்ந்தவர் தண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் வருவதற்குள் போய்விட்டார். பாயைத் திரும்ப அழைத்துச் சொன்னேன். கடையில் யாரோ அரைக் கிலோ கேட்டுக்கொண்டிருந்த சத்தம் மட்டும் போனில் வந்தது.

ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் வாட்ஸப் குழுவுக்குச் செய்தி மதியத்துக்கு மேல்தான் வந்து சேர்ந்தது. வழக்கமான காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே அது கிடந்தது. ஒருவர் அதற்கும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்.

அடக்கத்துக்கு மரக்காணம் போனேன். கோயில் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிப் பலகை வைத்திருந்தார்கள். "உலகப் புகழ் மூளை டாக்டர்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. பலகை வைத்தவர்களின் படங்கள் இறந்தவரின் படத்தைவிடச் சற்றே பெரிதாக இருந்தன. பங்குச் சாமியார் தம் பிரசங்கத்தில், நினைவு இழக்கும் நோய்க்கு மருந்து கண்டவர் நம் சகோதரி என்று உருக்கமாகச் சொன்னார். பூசை முடிந்ததும் ஓர் அம்மாள் என்னிடம் வந்து, தன் மாமியாருக்கு அந்த மருந்து எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தார்.

அமலோற்பவம் மருத்துவர் அல்லர். மருந்து எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. உலகப் புகழைப் பொறுத்தவரை, மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை அவரைத் தெரியாதவர்கள் குறைவு என்று மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியும்.

கல்லறையிலிருந்து திரும்பி வந்து பந்தலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய தம்பி ஞானப்பிரகாசம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உப்பளம் வைத்திருப்பவர். "சார், தப்பா நெனைக்காதீங்க. எங்க அக்கா இன்னாதான் சார் கண்டுபுடிச்சுது?" என்றார். பிறகு அவரே தொடர்ந்தார். "நாங்க கேட்டா சொல்லாம இருக்காது. நல்லா சொல்லும். கேக்கறப்ப புரியும். எழுந்து வெளிய வந்தா போயிடும். முப்பதாம் நாள் பூசைக்குச் சின்னதா ஒரு புத்தகம் போடறோம். நீங்க எழுதிக் குடுங்க. பலகையிலதான் தப்பா போட்டுட்டானுங்க. புத்தகத்துலயாவது சரியா இருக்கட்டும்." எழுதித் தருகிறேன் என்றேன். அவரை அக்கா என்றும் டீச்சர் என்றும் மேடம் என்றும் அழைத்த உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அமலோற்பவம் மரக்காணத்தில் பேருந்து ஏறுவார்; நான் பொம்மையார்பாளையத்தில் ஏறுவேன். புதுச்சேரியில் இருவருக்கும் ஒரே கல்லூரி. அவர் உயிர்வேதியியல், நான் விலங்கியல். அவர் மடியில் பனிக்கட்டி நிரப்பிய பெட்டி ஒன்று இருக்கும். கோட்டக்குப்பம் நிறுத்தத்தில் இஸ்மாயில் பாய் சாலையைக் கடந்து வந்து, ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தைக் கொடுப்பார். அதுவரை நடத்துநர் விசில் ஊத மாட்டார். வழக்கம் தெரியாத பெரியவர் ஒருவர் ஒருநாள், "கறி வாங்கறதுக்கெல்லாம் பஸ்ஸ நிறுத்துவாங்களாய்யா?" என்று சத்தம் போட்டார். "கறி இல்ல பெரியவரே, மூளை" என்றார் நடத்துநர். "யாருக்கு?" "காலேஜுக்கு." பெரியவர் சற்று யோசித்தார். பிறகு, அப்படியானால் நிறுத்த வேண்டியதுதான் என்று ஒப்புக்கொண்டார்.

பாய்க்கு அவர் விதித்திருந்த நிபந்தனைகள் கடுமையானவை. மூளையைப் பிளக்கக் கூடாது. கழுவக் கூடாது. எடுத்த கையோடு பனிக்கட்டியில் வைத்துவிட வேண்டும். ஒரு வாடிக்கையாளர் தன் மகனுக்குப் பரீட்சை என்றும், அந்த மூளை தனக்கே வேண்டும் என்றும் கடையில் தகராறு செய்ததை பாய் ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே நின்றபடி சொன்னார். "நான் வுடல டீச்சர். ஏம்பா, உம் புள்ளை துன்னா அவன் ஒருத்தன்தான் பாஸு. டீச்சரம்மா கொண்டும்போனா ஒரு காலேஜே பாஸுன்னு சொல்லிட்டேன்."

அமலோற்பவம் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் அந்தப் புள்ளைக்குக் குடுத்துடுங்க பாய். ஆனா மூளை துன்னா மூளை வளராதுன்னும் சொல்லிடுங்க."

"அதச் சொன்னா என் யாவாரம் இன்னா ஆவறது?" என்றார் பாய். நடத்துநர் விசில் ஊதினார்.

இனி அவர் அந்த மூளையில் என்ன தேடினார் என்பது. இதை அவரே சொன்ன விதத்தில் சொல்வதுதான் நல்லது. அவரைவிட எளிதாக என்னால் சொல்ல முடியாது.

ஒரு மாலை புதுச்சேரி பேருந்து நிலையத்தில் மரக்காணம் வண்டி வந்து நின்றது. நம் வழக்கப்படி, வண்டி நிற்கும் முன்பே ஜன்னல்கள் வழியாகத் துண்டுகளும் பைகளும் உள்ளே பறந்து இருக்கைகளில் விழுந்தன. நாங்கள் ஏறி உட்கார்ந்தபோது முன் இருக்கையில் சண்டை. ஒருவர் ஒரு துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காரப் பார்த்தார். பக்கத்து இருக்கைப் பெண்மணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆளு வர்றாங்க, பாத்துக்கச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. துண்ட எடுக்காத." "வர்றப்ப வரட்டும்." "கைய எடுய்யான்னா." துண்டுக்குரியவர் கையில் டீயோடு வந்து சேர்ந்தார். சண்டை முடிந்தது. வண்டி கிளம்பிக் கூட்டம் சற்று அடங்கியதும் நடத்துநர் எங்கள் பக்கம் சாய்ந்து நின்று, "ஏம்மா, ரொம்ப நாளா கேக்கணும்னு. அந்த மூளைய வெச்சிக்கினு இன்னாதான் பண்றீங்க?" என்று கேட்டார்.

"இப்ப நீங்க பாத்தீங்களே, அதத்தான்" என்றார் அமலோற்பவம்.

மூளையின் நரம்பு உயிரணுவுக்குள் ஒரு செய்தி வந்தால், அங்கே ஒரு நொதி ஓடிப்போய்ச் சில புரதங்களின் மேல் பாஸ்பேட் என்ற சிறு அடையாளத்தை ஒட்டுகிறது. அதுதான் துண்டு போடுவது. அடையாளம் விழுந்த புரதம் வேலையைத் தொடங்குகிறது. பின்னாலேயே இன்னொரு நொதி வருகிறது. அதன் தொழில் அந்த அடையாளங்களைப் பிய்த்தெடுப்பது. அதை அப்படியே விட்டால், வந்த செய்தியை யாரும் கேட்பதற்குள் அது அழிந்துவிடும். ஆகவே மூன்றாவதாக ஒரு புரதம் இருக்கிறது. அது எதையும் ஒட்டுவதில்லை, எதையும் பிய்ப்பதில்லை. பிய்க்கும் நொதியின் கையைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தடைப்புரதம் என்பார்கள். அதுவும் எந்நேரமும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. அதற்கென்று ஓர் அடையாளம் ஒட்டப்பட்டால்தான், அதாவது பார்த்துக்கொள்ளும்படி யாராவது அதனிடம் சொல்லிவிட்டுப் போனால்தான், அது கையைப் பிடிக்கும். உயிரணுவுக்குள் கால்சியம் புகுந்தால் வேறொரு நொதி விழித்துக்கொண்டு தடைப்புரதத்தின் அடையாளத்தை எடுத்துவிடும். பிடியும் விட்டுப்போகும்.

நடத்துநர் எல்லாவற்றையும் கேட்டார். "அப்ப மண்டைக்குள்ளயும் துண்டு போட்டுத்தான் எடம் புடிக்கிறானுங்களா மேடம்?"

"ஆமா. சண்டை மட்டும் வெளிய கேக்காது."

"துண்ட எடுக்கிறானே, அவன்தான் கெட்டவனா?"

"அவனும் வேணும்ங்க. அவன் இல்லன்னா பஸ்ஸு முழுக்கத் துண்டுதான் இருக்கும், மனுஷன் உக்கார முடியாது. எத எவ்ளோ நேரம் வெச்சிருக்கணும், எப்ப விடணும்னு இருக்குது. அந்தப் பொம்பள கையில இருக்குது அது."

முன் இருக்கைப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். தன்னைப் பற்றி நல்லதாகத்தான் பேசுகிறார்கள் என்று தீர்மானித்து மறுபடி திரும்பிக்கொண்டார்.

தடைப்புரதத்தை முதலில் கண்டவர் அமலோற்பவம் அல்லர். வேறு நாடுகளில் முன்பே கண்டிருந்தார்கள். அவர் கேட்டது அதற்கு அடுத்த கேள்வி. ஆட்டு மூளையின் அடியாழத்தில், உடலின் அசைவுகளையும் பழக்கங்களையும் கவனிக்கும் ஒரு சிறு பகுதியில், இந்தப் பிடி எவ்வளவு வலுவாக இருக்கிறது, எப்போது விடுகிறது என்பது அந்தக் கேள்வி.

அதைப் பிரித்தெடுக்கும் முறை கேட்பதற்கு நம்ப முடியாதது. மூளைச் சாற்றைக் கொதிக்க வைப்பார். மற்றப் புரதங்கள் எல்லாம் முட்டை வெந்ததுபோல் திரண்டு கட்டியாகிவிடும். தடைப்புரதம் மட்டும் கொதிநீரில் கரைந்தபடியே இருக்கும். அதற்கு நிலையான உருவம் கிடையாது. உருவம் இல்லாததால் வெந்து குலைவதற்கும் ஒன்றுமில்லை. எத்தனை நிர்வாகம் மாறினாலும் ஒரு சேதமும் இல்லாமல் தொடர்ந்த சிலர் எங்கள் கல்லூரியில் உண்டு. ஆகவே இந்தத் தத்துவம் எங்களுக்கு உடனே விளங்கியது. கொதிக்கும் மூளையின் வாசனை மாடிப்படி ஏறி எங்கள் துறைக்கு வரும். மதிய உணவு நேரத்தில் வருவதாக நாங்கள் புகார் செய்தோம். "அப்ப காலையில கொதிக்க வெக்கறேன், டிபன் நேரத்துல வரும்" என்றார்.

கொதிக்க வைத்தபின் அமோனியம் சல்பேட்டைக் கரைப்பார். நம் ஊர் உரக்கடையில் மூட்டையில் கிடைக்கும் அதே உப்புதான், சற்றுச் சுத்தமான ரகம். அது புரதத்தைத் தண்ணீரிலிருந்து பிரித்து அடியில் தள்ளும். பிறகு அந்த உப்பை வெளியேற்றியாக வேண்டும். அதற்கு, மெல்லிய சவ்வுப் பையில் புரதத்தைக் கட்டி ஒரு பெரிய பாத்திரத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் செய்கிறார்களே, அதே டயாலிசிஸ். இங்கே நோயாளி ஒரு பை. உப்பு சவ்வைக் கடந்து வெளியே போகும். புரதம் உள்ளே தங்கும். வெளித்தண்ணீரைப் பலமுறை மாற்ற வேண்டும். கடைசித் தண்ணீரில் உப்பு இல்லை என்று தெரிந்ததும், பையில் உள்ளதை ஓர் இயந்திரத்தில் உறையவைத்துத் தண்ணீரை வற்றச் செய்வார்கள். வெள்ளைத் தூளாகப் புரதம் கிடைக்கும். அதைச் சில சொட்டு நீரில் கரைத்துச் சோதனைக்கு வைப்பார்கள்.

கடைசித் தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விதிப்படி அதில் பேரியம் குளோரைடு ஒரு சொட்டு விட வேண்டும். இந்த உப்பு இருந்தால் பால் போலக் கலங்கும். அமலோற்பவம் எல்லாத் தண்ணீருக்கும் அப்படிச் செய்வார், கடைசித் தண்ணீரைத் தவிர. அது வெறும் காய்ச்சி வடித்த நீர் என்பதால், ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று அவரே எழுதி மாட்டிய பலகைக்கு நேர் கீழே நின்றுதான் அதைச் செய்வார். நான் ஒருமுறை பலகையைக் காட்டினேன். "பாத்தியில விரல விட்டு நாக்குல வெச்சா, என்னைக்கு உப்பு வாரலாம்னு எங்க அப்பா சொல்லிடுவாரு. நான் அவரு பொண்ணு. ஒரு வாளித் தண்ணிக்கு எனக்கு ரசாயனம் வேணுமா?" என்றார்.

இந்த முறையில் அவர் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டார். கால்சியம் வழியாகத் தடைப்புரதத்தின் அடையாளத்தை நீக்கினால் பிடி முழுதும் விட வேண்டும். ஆனால் அவருடைய சோதனையில் அது முழுதும் விடவில்லை. ஒரு பகுதி எப்போதும் எஞ்சியது. யாரும் சொல்லாத ஒன்று. தடைப்புரதத்துக்கு அடையாளத்தைச் சாராத வேறொரு பிடியும் இருக்கிறது என்று அவர் முடிவுசெய்தார். அதற்கு 'இரண்டாம் பிடி' என்று பெயரும் வைத்தார். கருத்தரங்குகளில் அதைப் பற்றிப் பேசினார். துறைக்கு அழைப்புகள் வந்தன. அவருடைய ஆராய்ச்சித் திட்டத்தைப் புதுப்பிக்கலாமா, துறைக்குப் புதிய மையவிலக்கு இயந்திரமும் தரலாமா என்று பார்க்க நிபுணர் குழு ஒன்றும் வந்தது. எல்லாம் அந்த இரண்டாம் பிடியை நம்பித்தான் நின்றது.

குழுவில் ஹைதராபாத்திலிருந்து வந்த முதிய பேராசிரியர் ஒருவர் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்விதான் கேட்டார். எஞ்சியிருந்த உப்பும் நொதியைத் தடுக்குமே, இது உப்பாக இருக்காதா? அமலோற்பவம் இருக்காது என்றார். குழு அடுத்த மாதம் மறுபடி வந்து முடிவுசெய்வதாகச் சொல்லிவிட்டுப் போனது.

அன்று மாலைப் பேருந்தில் அவர் கொதித்துக்கொண்டிருந்தார். "என்கிட்ட வந்து உப்புன்னு சொல்றாரு சார். மரக்காணத்துக்காரிகிட்ட. எங்க வீட்டுப் பொடவையில கூட உப்பு ஒட்டிக்கினு இருக்கும். எது உப்பு, எது உப்பு இல்லைன்னு எனக்குத் தெரியாதா?" மரக்காணத்தில் அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் போட்ட காபியை நான் குடித்திருக்கிறேன். அதில் சர்க்கரை ஒரு துளி குறைந்தாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார். உப்பு கரிப்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

திங்கட்கிழமை காலை நான் பேருந்தில் ஏறியபோது ஜன்னலோரம் மிகவும் அமைதியாக உட்கார்ந்திருந்தார். பனிக்கட்டிப் பெட்டி இல்லை. "பாய்கிட்ட இன்னிக்கு வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஊருல பஸ்ஸு கெளம்பறப்ப வெளிய பாத்தேன் சார். பாத்தியில தண்ணி வத்திக்கினு இருந்துச்சு. பாத்திக்கு விடற தண்ணிய நாக்குல வெச்சா அவ்ளோ ஒண்ணும் தெரியாது, எங்க ஆளுங்களுக்கு. வத்தினப்புறம்தான் வெள்ள வெளேர்னு நிக்கும். அந்த மிஷினுல நான் என்னா பண்றேன்? தண்ணிய வத்த வெக்கறேன். காலேஜுக்குள்ள ஒரு உப்பளம் நடத்திக்கினு இருக்கேனோன்னு தோணுது."

அன்றே சோதனையைத் தொடங்கினார். அதன் தருக்கம் எளிமையானது. புரதத்தை வெட்டும் நொதி ஒன்று உண்டு. தம்மிடம் இருந்த தூளை அதற்குக் கொடுத்து வெட்டச் சொன்னார். தடுப்பது புரதம் என்றால், வெட்டியபின் தடை மறைந்துவிடும். உப்பை எந்த நொதியாலும் வெட்ட முடியாது. வெட்டி முடித்தபின் தடை குறைந்தது, ஆனால் மறையவில்லை. எஞ்சிய அளவைக் கணக்கிட்டார். அது சரியாக இரண்டாம் பிடியின் அளவு. உறுதிசெய்துகொள்வதற்காக, பழைய தூளையே மறுபடி பையில் கட்டி, பேரியம் குளோரைடு கலங்காமல் நிற்கும்வரை தண்ணீர் மாற்றினார். இரண்டாம் பிடி போய்விட்டது.

துறைத் தலைவர் நல்ல மனிதர். நிர்வாகம் பல கண்டவர். அவர் அமலோற்பவத்தை அழைத்துப் பேசியபோது நானும் அந்த அறையில் இருந்தேன்.

"மேடம், இத இப்பவே சொல்லணும்னு ஒண்ணுமில்ல. 'மேலும் ஆராய வேண்டியிருக்கிறது'ன்னு போடுங்க. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. மிஷினு வரட்டும். வந்த மிஷினுலயே ஆராய்ச்சி பண்ணி, இல்லைன்னு சொல்லுங்க. யாரு கேக்கப் போறாங்க?"

"ஆராய்ஞ்சிட்டேன் சார். இனிமே ஆராய ஒண்ணுமில்ல."

"திட்டம் போயிடும்."

"தெரியும்."

"நீங்களே பேரு வெச்ச புள்ளைய நீங்களே..." என்று தொடங்கியவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அமலோற்பவம், "அப்படி ஒரு புள்ளையே பொறக்கல சார்" என்றார்.

குழு மறுபடி வந்தது. கூடம் நிறைந்திருந்தது. இரண்டாம் பிடியைப் பாராட்ட வந்தவர்களும் உண்டு, அது நழுவுவதைப் பார்க்க வந்தவர்களும் உண்டு. அமலோற்பவம் ஆங்கிலத்தில் பேசினார். நான் தமிழில் தருகிறேன். சென்ற மாதம் இங்கே சொன்னதில் ஒரு பகுதி தவறு என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னார். எப்படித் தவறு என்று படிப்படியாகக் காட்டினார். இரண்டாம் பிடி என்பது உப்பு என்றார். ஹைதராபாத் பேராசிரியர், கடைசித் தண்ணீரை எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டார். அதைக் கேட்பார் என்று எல்லோருக்கும் தெரியும். சொல்வதற்கு நாகரிகமான வழிகள் பல இருந்தன.

"நாக்கால்" என்றார் அமலோற்பவம்.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தார். "நான் உப்பளத்து ஊர்க்காரி. என் நாக்கு உப்பை நன்றாக அறியும் என்று நம்பினேன். உப்பிலேயே வளர்ந்த நாக்கு அதைக் கண்டுகொள்ளாது என்று யோசிக்கவில்லை. இது கருவியின் பிழை. கருவி என்னுடையது" என்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அடுத்த படத்தைப் போடச் சொன்னார். உப்பு போனபின் செய்த சோதனை. தடைப்புரதத்தின் பிடி அதில் இருந்தது. முன்பு சொன்னதைவிடச் சிறியது. அடையாளத்தை நீக்கியதும் அது முழுதாக விட்டது. எந்த மிச்சமும் இல்லை. பல ஆண்டுகளாக அவர் முடிச்சுப்போட்டு விளக்கிவந்த, வரைபடத்தில் இருந்த ஒரு கோணல், விளக்கமே தேவைப்படாமல் நேராகிவிட்டிருந்தது.

மதிய உணவின்போது ஹைதராபாத் பேராசிரியரும் அவரும் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இருவர் விரல்களிலும் சாம்பார் சாதம் காய்ந்துவிட்டது. யாரும் குழாயைத் திறக்கவில்லை. கால்சியம் எவ்வளவு வந்தால் பிடி விடுகிறது என்று அவர் கேட்க, இவர் காய்ந்த விரல்களால் காற்றில் கோடு வரைந்து காட்டிக்கொண்டிருந்தார்.

குழுவின் அறிக்கை அமலோற்பவத்தின் நேர்மையை ஒரு முழுப் பத்தியில் போற்றியது. அடுத்த பத்தியில் திட்டத்தை நிறுத்தியது. மையவிலக்கு இயந்திரம் வேறொரு துறைக்குப் போனது. அந்தத் துறை அதுவரை எதையும் கண்டுபிடித்ததில்லை. ஆகவே பிழை எதுவும் செய்ததில்லை. அமலோற்பவம் பழைய இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டு வேலையைத் தொடர்ந்தார். திருத்திய முடிவை எழுதி வெளியிட்டார். இரண்டாம் பிடி என்று தாம் முன்பு எழுதியது தவறு என்று அந்தக் கட்டுரையிலேயே குறிப்பிட்டார். பின்னர் வெளிநாட்டில் ஓர் ஆய்வகம் வேறொரு விலங்கின் மூளையில் அதே சோதனையைச் செய்து பார்த்தது. பிடியின் வலுவாகக் கிடைத்தது அமலோற்பவத்தின் சிறிய எண்தான். இன்றும் அந்த எண் நிற்கிறது. அதை அசைக்க முயன்றவர்கள் உண்டு. அசையவில்லை. நம் ஊரிலிருந்து போய் உலகத்தில் அப்படி நிற்பவை அதிகமில்லை என்பதால் இதைச் சற்று உரக்கவே சொல்கிறேன்.

ஞானப்பிரகாசத்துக்கு இதையெல்லாம் பந்தலிலேயே சுருக்கமாகச் சொன்னேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப, அந்த ரெண்டாம் பிடின்னு போட்டது பூராவும் உப்பா சார்?" ஆமாம் என்றேன், ஆனால் உங்கள் பாத்தி உப்பு இல்லை, உரக்கடை உப்பு என்றேன். "எந்த உப்பா இருந்தா இன்னா சார். நம்ம வூட்டுப் பழக்கம் அவ்ளோ தூரம் போயிருக்குது" என்றார். அன்று முழுக்க அழுதுகொண்டிருந்தவர் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

குழு முடிவு சொன்ன நாளின் மாலையைப் பற்றி எழுதிவிட்டு முடிக்கிறேன். பேருந்தில் அவருக்கு ஆறுதலாக எதைச் சொல்வதென்று நான் வழியெல்லாம் தேடிக்கொண்டு வந்தேன். பொம்மையார்பாளையத்தில் நான் இறங்க எழுந்தபோது அவரே பேசினார்.

"சார், ஒண்ணு கவனிச்சீங்களா? அது விடறப்ப முழுசா விடுது. கொஞ்சம்கூட வெச்சிக்கல. இத்தினி வருசமா நான் அத சரியா பாக்கவே இல்ல. எவ்ளோ அழகா இருக்குது."

நடத்துநர் விசில் ஊதிவிட்டார். இறங்கினேன். வண்டி நகர்ந்தபோது ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. தம் பெயர் சொல்லும் கருத்தும் திட்டமும் இயந்திரமும் ஒரே நாளில் போன மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. அப்படி இல்லை. தேர்வில் முதலாவதாக வந்த பெண்ணின் முகம் போல இருந்தது.

அமலோற்பவம் ஒன்றைக் கண்டுபிடித்தார். தாமே கண்டதாக நம்பிய இன்னொன்றைத் தம் கையாலேயே இல்லை என்று காட்டினார். இரண்டுக்கும் ஒரே அளவு உழைத்தார். முதலாவது அவர் பெயரில் அச்சாகியிருக்கிறது; அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். இரண்டாவதற்காக அவருக்கு யாரும் மாலை போடவில்லை. அந்த மாலைப் பொழுதில் ஜன்னலில் தெரிந்த முகத்தை நான் வைத்திருக்கிறேன்.